துளி விழுந்த கல்

குட்டானன் ஊரில் பேருந்து இறக்கிவிட்ட இடத்துக்கு எதிரே, ஒரு மரவீட்டின் கீழ்த்தளத்தில் கல் விற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டு மேசை. மேசை நிறையப் பளிங்குக் கற்கள். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் விலை எழுதிய காகிதத் துண்டு. வாசல் பெஞ்சில் எழுபதைத் தாண்டிய ஒருவர் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடிபோல் தெளிந்த ஒரு கல்லுக்கு 120 ஃபிராங்க் போட்டிருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். மேசை ஓரத்தில் தட்டையாக ஒரு துண்டு கிடந்தது. கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். நடுவில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது, யாரோ பால் தொட்டு இழுத்த மாதிரி. 15 ஃபிராங்க்.

பெரியவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். “ஃபாடன்,” என்றார். எனக்கு ஜெர்மன் தெரியாது. அவருக்கு ஆங்கிலம் வராது. ஸ்வெட்டர் கைப்பகுதியில் பிரிந்து தொங்கிய நூல் ஒன்றை இழுத்துக் காட்டி, பிறகு கல்லின் கோட்டைக் காட்டினார். நூல். ஃபாடன்குவார்ட்ஸ் என்றால் நூல் ஓடிய பளிங்கு.

வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

என் தாத்தாவிடம் வல்லம் கல் மூக்குக்கண்ணாடி ஒன்று இருந்தது. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் வல்லத்தில் கிடைத்த பளிங்கைத் தேய்த்துச் செய்தது. கண்ணுக்குக் குளிர்ச்சி என்று சாகும்வரை வேறு கண்ணாடி மாட்டவில்லை. அதற்குக் கல் தேர்ந்த கதையை அடிக்கடி சொல்வார். கடைக்காரர் ஒவ்வொரு கல்லாக விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, பாதிக்கு மேல் ஒதுக்கித் தள்ளினாராம். “துளி விழுந்த கல், ஆகாது.” அந்தக் கடைக்காரர் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரையின் மணிக்கடை வீதியைக் காட்டும்போது இளங்கோ வயிரத்தின் குற்றங்களை வரிசையாகச் சொல்கிறார். அதில் ஒன்றின் பெயர் விந்து, அதாவது துளி.

ஆயிரத்தைந்நூறு வருஷமாகக் குற்றம் என்று ஒதுக்கிய அந்தத் துளியைப் பார்க்கத்தான் நான் சுவிட்சர்லாந்து வந்திருந்தேன். ஆல்ப்ஸ் மலை எப்படி எழுந்தது என்பதன் கணக்கு, துளி விழுந்த கற்களுக்குள்தான் இருக்கிறது என்று படித்திருந்தேன்.

*

குட்டானனிலிருந்து கிரிம்சல் கணவாய்க்குப் போகும் சாலையில் மரங்கள் சீக்கிரமே தீர்ந்துபோகின்றன. பிறகு கிரானைட்தான். பனிப்பாறைகள் ஊர்ந்து ஊர்ந்து தேய்த்த பாறை, யானை முதுகுபோல் வழவழத்துக் கிடக்கிறது. இடையிடையே அணைகட்டித் தேக்கிய ஏரிகள், சாம்பல் கலந்த பச்சை நிறத்தில். இந்த மலைக்குள் மின்நிலையக் கம்பெனி குடைந்த சுரங்கங்கள் ஏராளம். 1974-இல் அப்படி ஒன்றைக் குடைந்துகொண்டு போனபோது கெர்ஸ்டனெக் என்ற இடத்தில் பாறைக்குள் ஒரு பொந்து திறந்தது. உள்ளே முழுக்கப் பளிங்கு. அதை உடைத்து விற்காமல் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

கோடை மாதங்களில் வழிகாட்டியோடு போய்ப் பார்க்கலாம். ஒரு வேன் எங்களை ஏற்றிக்கொண்டு மலைக்குள் நுழைந்தது. வெளியே செப்டம்பர் வெயில், உள்ளே ஈர சிமெண்ட் வாசனை. வேன் நின்றதும் இறங்கி நடந்தோம். வழிகாட்டிப் பெண் விளக்கைப் போட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பாறையில் ஒரு வாய் பிளந்திருந்தது. மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டிலும் பற்கள்போல் பளிங்குகள். சில விரல் நீளம், சில முன்கை நீளம். ஆறு பட்டைகளும் கூர்முனையும் பட்டறையில் சாணை பிடித்ததுபோல் இருந்தன. நடுநடுவே இளஞ்சிவப்பு ஃப்ளோரைட், வெள்ளைக் கால்சைட். அடியில் குளோரைட் என்னும் கரும்பச்சைத் தூள், ஈரமான தேயிலைத் தூளைக் கொட்டிவைத்தாற்போல். கூட வந்த குழந்தை ஒன்று “ஐஸ்!” என்று கத்தியது.

அந்தக் குழந்தைக்குப் பெரிய துணை உண்டு. பளிங்கு என்பது உருகாத அளவுக்கு இறுகிப்போன பனிக்கட்டி என்று ரோமானிய அறிஞர் பிளினி நம்பினார். கிரிஸ்டல் என்ற சொல்லின் மூலமே கிரேக்கத்தில் பனிக்கட்டியைக் குறிப்பதுதான். ஆல்ப்ஸில் பனிக்கோட்டுக்கு மேலே, குளிர் ஓயாத இடத்தில் கிடைக்கிற கல்லுக்கு வேறு என்ன காரணம் சொல்வது?

உண்மை நேர் எதிர். இது வெந்நீரில் விளைந்தது.

இந்தக் கிரானைட் பிறந்து 30 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதற்கும் இந்தப் பளிங்குக்கும் வயதில் ஒட்டே இல்லை. தெற்கேயிருந்து ஆப்பிரிக்கப் பக்கத்து நிலத்தட்டு ஐரோப்பாவை நெருக்கி, நடுவிலிருந்த கடலை மூடி, முட்டி ஏறியபோதுதான் ஆல்ப்ஸ் எழுந்தது. அந்த நெரிசலில் கிரானைட் ஒரு பக்கம் நசுங்கி மேலும் கீழுமாக இழுபட்டது. சப்பாத்தி மாவை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் இழுத்த திசைக்குக் குறுக்கே விரிசல் விடும் அல்லவா, அதேபோல் மேலும் கீழுமாக இழுபட்ட பாறையில் படுக்கைவாட்டில் விரிசல்கள் விழுந்தன. சுற்றியிருந்த பாறையின் துளைகளிலிருந்து வெந்நீர் அந்த விரிசலுக்குள் ஊறி நிறைந்தது. அந்த நீர் பாறையையே கரைத்துக்கொண்டு வந்தது. ஆற ஆற, கரைந்த சிலிக்காவைச் சுவரில் பளிங்காகப் படியவிட்டது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஆழத்தில் நடந்தது இது. அந்த ஆழம்தான் மெல்ல மெல்ல ஏறி, இன்று நான் நிற்கும் சுரங்கத்தின் மட்டத்துக்கு வந்திருக்கிறது.

பொந்தை ஒட்டிய கிரானைட் வெளுத்து, ஓட்டை ஓட்டையாக அரித்துப்போயிருந்தது. பளிங்குக்குச் சரக்குக் கொடுத்த பாறை அது. “கல் தேடிப் போகிறவர்கள் மலைச்சரிவில் முதலில் பார்ப்பது இந்த வெளுப்பைத்தான்,” என்றாள் வழிகாட்டி.

அப்படித் தேடிப் போகிறவர்களுக்கு இங்கே ஷ்ட்ராலர் என்று பெயர். கையில் ஒரு கடப்பாரை, முதுகில் மூட்டை, உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதிச் சீட்டு. இதே கிரிம்சலுக்குப் பக்கத்தில் ட்ஸிங்கன்ஷ்டாக் மலையில் 1719-இல் திறந்த ஒரு பொந்திலிருந்து டன் கணக்கில் பளிங்கு இறங்கியது. கிண்ணமும் குடுவையும் கடைவதற்காக அன்று பளிங்கு மிலான் நகரப் பட்டறைகளுக்குப் போகும். அங்கேயும் துளி விழுந்த கல்லுக்கு விலை கிடையாது.

*

இரவு பெர்ன் திரும்பினேன். தங்கியிருந்தது யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் வீட்டில். சுவிஸுக்கு வந்து முப்பத்தைந்து வருஷம். அதில் பெரும்பகுதி உணவகச் சமையலறையில். நண்பரின் நண்பர் என்ற ஒரே தொடர்புக்காக எனக்கு அறையும் சோறும் கொடுத்தார்.

மேசையில் கல்லை எடுத்துவைத்தேன். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உந்த வெள்ளைக் கோடு என்ன தம்பி? வெடிப்போ?”

“வெடிச்சு ஒட்டினதுண்ணா. ஒரு தடவை இல்லை. பல நூறு தடவை.”

விரிசலின் இரண்டு சுவருக்கும் பாலம்போல் வளர்ந்த பளிங்கு இது. சுவர்கள் மயிரிழை விலகும். பளிங்கு குறுக்கே அறும். அறுந்த இடத்தில் நீர் புகும். அந்த நீரிலிருந்தே பளிங்கு மறுபடி வளர்ந்து காயத்தை மூடும். மூடும்போது சொட்டுச் சொட்டாக நீர் உள்ளே மாட்டிக்கொள்ளும். மறுபடி விலகல், மறுபடி அறுதல், மறுபடி மூடல். வெள்ளை நூலாகத் தெரிவது அப்படி மாட்டிக்கொண்ட நுண்துளிகளின் வரிசை. மலை இழுபட்டபோது ஒரேயடியாக இழுபடவில்லை, இத்தனை சின்னச் சின்ன அடி வைத்தது என்று அந்த நூல் சொல்கிறது.

“அப்ப உள்ளுக்கை இருக்கிறது ஒண்டரைக் கோடி வருசத்துத் தண்ணியோ?”

“ஆமாண்ணா. நானூறு டிகிரியில மாட்டின தண்ணி.”

அவர் சிரித்தார். “நானூறில தண்ணி எங்க நிக்கும்? ஆவியாப் போயிருக்குமெல்லே?”

நான் பதில் சொல்வதற்குள் அவரே அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே குக்கர் இருந்தது. “ஓ... வெயிட் போட்டிருக்கு,” என்றார்.

அதேதான். வீட்டுக் குக்கரில் அழுத்தம் இரண்டு மடங்கு ஆனாலே தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாக்குப்பிடிக்கிறது. பத்துக் கிலோமீட்டர் பாறையை மூடியாகப் போட்டால் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் சில ஆயிரம் மடங்கு. அங்கே நீர் கொதிக்க வழியே இல்லை. நெருக்குண்டு, அடர்ந்து, பாறையைக் கரைக்கும் பாய்மமாகக் கிடக்கிறது.

“அந்தக் குக்கர் எவ்வளவு சூட்டில, எவ்வளவு வெயிட்டில நிண்டது எண்டு இப்ப எப்பிடித் தெரியும்?”

சமையல்காரர் கேட்கவேண்டிய கேள்வி. பதிலை மறுநாள் கண்ணால் பார்த்தேன்.

*

மலையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம் என்று முதலில் துணிந்தவர்களில் ஒருவர் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக்காரர். படிகங்களுக்குள் இருக்கும் நீர்த்துளிகளைக் கொண்டு அந்தப் பாறை எந்த வெப்பத்தில் உருவானது என்று கணக்கிட முடியும் என்று 1858-இல் எழுதினார். ஊர் சிரித்தது. மலைகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது முறையல்ல என்று ஆல்ப்ஸ் ஆய்வின் முன்னோடியான சோஸ்யூர் சொன்னதை எடுத்துக்காட்டிக் கேலி செய்தார்கள் என்று சோர்பி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

மறுநாள் நான் போன ஆய்வகத்தில் இதை எனக்குச் செய்து காட்டியது ஓர் ஆராய்ச்சி மாணவி. பளிங்கை விசிட்டிங் கார்டு தடிமனுக்குச் சீவி, இரு பக்கமும் மெருகேற்றிய சில்லு ஒன்றைக் கருவியில் பொருத்தினாள். “முதலில் குமிழியைத் தேடுங்கள்.”

கண்ணைப் பொருத்தினேன். தெளிந்த வெளி. அதில் திட்டுத் திட்டாகத் துளிகள். ஒரு துளியை மையத்துக்குக் கொண்டுவந்தாள். தலைமயிரின் தடிமனில் நாலில் ஒரு பங்குகூட இராது. மூலைகள் கூராக, பளிங்கின் வடிவத்தையே சிறிதாக்கி வெட்டின குழிபோல் இருந்தது. உள்ளே நீர். நீருக்குள் கருவளையத்தோடு ஒரு குமிழி.

குமிழி அசைந்தது. மேசை அதிர்கிறது என்று நினைத்துக் கையை எடுத்தேன். அப்போதும் அசைந்தது. நீர் மூலக்கூறுகள் முட்டி முட்டித் தள்ளுவதால் இத்தனை சிறிய குமிழி ஓய்வதே இல்லை என்றாள் மாணவி. கூண்டுக்குள் வந்த நாள் முதலாகத் துள்ளிக்கொண்டிருக்கிறது. எத்தனையோ வருஷம் அசையாத பொருள் என்று நினைத்துத் தாத்தா கண்ணில் மாட்டிய கல்லின் உறவுக்காரன் இது.

குமிழி வந்த கதை எளிது. சுடச்சுட ஊற்றி மூடிய பாட்டில் ஆறியதும் மேலே கொஞ்சம் இடம் விழுகிறது, மூடி உள்ளே குழிகிறது. மாட்டிய அன்று நீர் குழியை முழுதாக நிறைத்திருந்தது. ஆறியபோது நீர் சுருங்கியது. பளிங்குக் குழி அவ்வளவு சுருங்காது. மிஞ்சிய இடம்தான் குமிழி. ஆகவே மறுபடி சூடேற்றினால் நீர் விரிந்து குமிழியை விழுங்கவேண்டும்.

மாணவி சூடேற்றத் தொடங்கினாள். எண் 100-ஐத் தாண்டியது. 150. குமிழி சிறுத்தது. 190-இல் ஒரு கரும்புள்ளி. பைத்தியம் பிடித்தாற்போல் குழியின் மூலைக்கு மூலை ஓடியது. 210-ஐ ஒட்டி இல்லாமல் போனது. எங்கே போனது என்று கண் தேடியது. வெறும் நீர்.

பிறகு திரவ நைட்ரஜனால் உறையவைத்து, மெல்ல மெல்ல வெப்பத்தைக் கூட்டினாள். உப்பு கலந்த நீரில் பனிக்கட்டி பூஜ்யத்துக்குக் கீழேயே உருகிவிடும். எவ்வளவு கீழே என்பது எவ்வளவு உப்பு என்பதைச் சொல்லிவிடும். கடைசிப் பனித்துணுக்கு மைனஸ் 4 டிகிரியில் கரைந்தது. அப்படியானால் நூற்றில் ஆறு, ஆறரை பங்கு உப்பு. கடல்நீரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு கரிப்பு.

“210-தான் அது மாட்டிக்கொண்ட வெப்பமா?” என்றேன்.

“குறைந்தது 210,” என்றாள். “அதற்கு மேலே எவ்வளவு என்பது மூடியின் கனத்தைப் பொறுத்தது.”

இதை அண்ணருக்குச் சொல்லும் கணக்கில் நான் புரிந்துகொண்டது இப்படி: குமிழி மறைந்த புள்ளி, நீரின் அடர்த்தியைக் கொடுத்துவிடுகிறது. அந்த அடர்த்தியுள்ள நீர், சூடு கூடினால் அழுத்தமும் கூடிய ஒரு நிலையில் இருந்திருக்கலாம். குறைந்தால் குறைந்த நிலையில். எல்லாப் புள்ளிகளையும் சேர்த்தால் ஒரு கோடு கிடைக்கும். கோட்டில் எந்த இடம் என்று சொல்ல இன்னொரு சாட்சி வேண்டும். கூட விளைந்த கனிமங்களோ, அவற்றில் உள்ள ஆக்சிஜனின் வகைகளோ அந்தச் சாட்சியைச் சொல்லும். நீரில் மீத்தேன் நிறைந்து மீறியிருந்தால் இன்னும் சுலபம். அங்கே குமிழி மறையும் வெப்பமே மாட்டிய வெப்பம்.

ஒரே பளிங்கில் பல தலைமுறைத் துளிகள் இருக்கும். வளர்ந்தபோதே மாட்டியவை நடுவில். பிறகு விழுந்த வெடிப்பு ஆறும்போது மாட்டியவை, தழும்புபோல் குறுக்கே வரிசையாக. எந்தத் தழும்பு எதை வெட்டிக்கொண்டு போகிறது என்று பார்த்தால் எது முந்தி, எது பிந்தி என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு வரிசைக்கும் சூடும் அழுத்தமும் கணக்கிட்டு அடுக்கினால், மலை மேலே ஏற ஏறப் பாறை ஆறியது எப்படி, மூடியின் கனம் குறைந்தது எப்படி என்ற பாதை கிடைக்கும். பேரேட்டில் பக்கம் பக்கமாகத் தேதி போட்டதுபோல.

கடைசியாக வேறொரு சில்லு வைத்தாள். “இது தெற்கேயிருந்து வந்தது.” இதில் குமிழிக்குள் குமிழி. வெளியே நீர், நடுவே ஒரு வளையமாகத் திரவம், உள்ளே வாயு. திரவமும் வாயுவும் கரியமில வாயு என்றாள். அது 31 டிகிரியைத் தாண்டினால் திரவம், வாயு என்ற எல்லை அழிந்துவிடும். விளக்கைக் கூட்டி அந்தச் சூட்டிலேயே காட்டினாள். உள்வளையம் நடுங்கிக் காணாமல் போனது. விளக்கைக் குறைத்ததும் திரும்பி வந்தது.

“எங்கள் ஊரில் இதைப் பார்க்கவே முடியாது,” என்றேன்.

“ஏன்?”

“சென்னையில் ஏசி இல்லாத அறை என்றால் மே மாதத்தில் இரவு இரண்டு மணிக்குக்கூட 31 டிகிரிக்குக் கீழே போகுமா என்பது சந்தேகம்.”

*

தெற்கேயிருந்து வந்தது என்று அவள் சொன்னதில்தான் என் மறுநாள் பயணம் இருந்தது.

பாசெல் பல்கலைக்கழகத்தின் யோசெஃப் முல்லிஸ் பல வருஷங்கள் ஆல்ப்ஸின் குறுக்கே, வடக்கிலிருந்து தெற்காகப் பளிங்குகளைச் சேகரித்து ஒவ்வொன்றின் துளியிலும் என்ன இருக்கிறது என்று பார்த்தார். 1994-இல் அவரும் பிரெஞ்சு, அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து அந்தக் குறுக்குவெட்டை முழுமையாக வெளியிட்டார்கள். வரைபடத்தில் நான்கு பட்டைகள் விழுந்தன. வடக்கு ஓரத்தில் துளிகளுக்குள் பெட்ரோலிய வகை ஹைட்ரோகார்பன்கள். அதற்குத் தெற்கே மீத்தேன். அடுத்து, பெரும்பகுதி நீர். தென்கோடியில் கரியமில வாயு. முதல் எல்லை 200 டிகிரியை ஒட்டியது, இரண்டாவது 270-ஐ ஒட்டியது.

பட்டைகளுக்குக் காரணம் சமையல்தான். கடலடிச் சேற்றில் புதைந்த உயிர்ப்பொருள் சூடேறும்போது முதலில் எண்ணெய் வகைகள் பிரியும். இன்னும் சூடேறினால் அவையும் உடைந்து மீத்தேன் ஆகும். அதற்கும் மேலே மீத்தேன் குறைந்து நீர் மிஞ்சும். ஆகக் கடைசிச் சூட்டில் சுண்ணாம்புப் பாறைகளே கரியமில வாயுவை வெளியே விடும். ஆக, வடக்கேயிருந்து தெற்கே போவது என்பது ஒரு காலத்தில் மலையின் மேல்தோலாக இருந்த இடத்திலிருந்து அதன் அடிவயிற்றுக்குள் இறங்குவது. தெற்குப் பகுதி அதிகம் உயர்ந்தது, அதிகம் தேய்ந்தது. அதனால் ஆழம் அங்கே வெளியே தெரிகிறது.

இதை ரயிலில் உட்கார்ந்தே செய்யலாம். புதிய கோட்ஹார்ட் அடிமலைச் சுரங்கத்தில் போனால் 57 கிலோமீட்டரும் இருட்டு. 2016-இல் திறந்த அந்தச் சுரங்கம் தோண்டியபோது, தலைக்கு மேலே 2,300 மீட்டர் பாறை இருந்த இடத்தில் பாறையின் சூடு 45 டிகிரியைத் தொட்டது. இரண்டேகால் கிலோமீட்டருக்கே சென்னைக் கத்திரி என்றால், 400 டிகிரிக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். நான் 1882-இல் திறந்த பழைய பாதையில் போகும் ரயிலைப் பிடித்தேன்.

ஊரி ஏரிக்கரையில் ரயில் வளைந்தபோது எதிர்க்கரைச் சுண்ணாம்புப் பாறைகள் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தன. ஈரவேட்டியைப் பிழிந்து போட்டதுபோல. இங்கேயெல்லாம் எண்ணெயும் மீத்தேனும். இந்தப் பட்டையில் விளையும் பளிங்கு பல சமயம் முழுமையாக வளர்வதே இல்லை. ஓரங்கள் முந்தி வளர, முகங்கள் குழிந்து ஜன்னல் சட்டம்போல் நிற்கும். வளரும் அவசரத்தில் வாயுவை அள்ளி மூடிக்கொண்டவை.

எர்ஸ்ட்ஃபெல்டில் சுண்ணாம்பு முடிந்து பழைய கடினப் பாறை தொடங்கியது. ரயில் ஏறத் தொடங்கியது. வாஸன் ஊரின் வெள்ளைக் கோயிலை இந்தப் பாதையில் மூன்று முறை பார்க்கலாம்: முதலில் தலைக்கு மேலே, பிறகு கண்ணுக்கு நேரே, கடைசியில் காலடியில். சுழல் சுரங்கங்களில் ரயில் மலைக்குள்ளேயே வட்டமடித்து ஏறுகிறது. பக்கத்து இருக்கைக் கிழவி, மூன்றாம் முறை கோயில் தெரிந்ததும் எனக்காகவே விரலால் எண்ணிக் காட்டினாள். இது நீர்ப்பட்டை. மேற்கே இதே மலைத்தொடரின் நீட்சியில்தான் முந்தாநாள் பார்த்த கெர்ஸ்டனெக் பொந்து. 1868-இல் டீஃபன் பனியாற்றின் ஓரத்தில் கிடைத்த புகைநிறப் பளிங்குகளும் இந்தப் பக்கம்தான். அவற்றில் ஒன்றுக்குத் தாத்தா என்று பெயர். எடை 130 கிலோவுக்கு மேல். பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டேன். என்னைவிட இரு மடங்கு எடை.

கோஷனனில் சுரங்கம் விழுங்கியது. பதினைந்து கிலோமீட்டர் இருட்டு. சட்டைப் பையில் நூல் பளிங்கைத் தடவிக்கொண்டு இருந்தேன். கைச்சூட்டில் அதுவும் வெதுவெதுத்திருந்தது. தாத்தா சொன்ன குளிர்ச்சி அதில் இல்லை.

ஐரோலோவில் வெளியே வந்தால் மொழி மாறிவிட்டது. நிலையப் பலகைகள் இத்தாலியன். கூரைகள் கல் ஓடு. கீழே இறங்க இறங்க ஆப்பிள் போய் அத்தியும் திராட்சையும் வந்தன. டிச்சினோ மாநிலம். கரியமில வாயுப் பட்டை. இங்கே பளிங்கு வேறு உடல்வாகு. அடியில் பருத்து, நுனிக்குப் போகப்போக ஊசியாகச் சரிந்து மெலியும். டெஸினர் வடிவம் என்று இந்த ஊர்ப் பெயராலேயே ஷ்ட்ராலர்கள் அதை அழைக்கிறார்கள். துளிக்குள் என்ன வாயு என்று எந்தக் கருவியும் சொல்லும் முன்பே, வடிவத்தைப் பார்த்து எந்தப் பள்ளத்தாக்குக் கல் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

பெல்லின்சோனாவில் இறங்கி, கோட்டைச் சுவர் நிழலில் காபி குடித்தேன். இரண்டே மணி நேரத்தில், நானூறு டிகிரியைத் தாண்டிய ஆழத்துக்கு இறங்கிவந்திருந்தேன். வெயில் இதமாக இருந்தது. தொடர்ந்து தெற்கே, இன்னும் ஆழத்துக்குப் போனால் என்ன இருக்கும் என்று ஒரு கேள்வி மிஞ்சியது.

*

விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கும்போது ஜன்னலில் பரங்கிமலை தெரிந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் அதுதான்.

பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் நீலங்கலந்த கரும்பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதிக்கு இங்கேயிருந்து போன கல்லைப் பார்த்து, தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-இல் வைத்த பெயர். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை. இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் வெந்த பாறை இது. நீலகிரி உட்பட தென்னிந்தியச் சார்னோகைட்டின் குவார்ட்ஸ் மணிகளுக்குள் கிடைக்கும் துளிகளில் மிகுதி கரியமில வாயு, அடர்த்தியாக நெருக்குண்டது. நீர் அபூர்வம். அந்த வாயு மேலே வந்தது எங்கிருந்து, பாறையை உலர்த்தியதே அதுதானா என்று இன்னமும் விவாதம் நடக்கிறது.

டிச்சினோவுக்கு அடுத்த ரயில் நிலையம் பல்லாவரம். ஆல்ப்ஸில் மலை இன்னும் நிற்கிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் எழுந்துகொண்டும் இருக்கிறது. இங்கே மலை முழுக்கத் தேய்ந்து போய்விட்டது. அதன் வேரைத்தான் நாம் உடைத்து ஜல்லியாக்கி வீடு கட்டியிருக்கிறோம். விமான நிலைய வாசலில் 37 டிகிரி. அந்தக் குன்றுகளில் இருக்கும் எந்தத் துளியிலும் இந்த நேரம் உள்வளையம் தெரியாது.

வீட்டில் பீரோவைத் திறந்து தாத்தாவின் கண்ணாடியை எடுத்தேன். நூல் பளிங்கும், அண்ணர் பரிசாகத் தந்த பத்து மடங்கு உருப்பெருக்கியும் கையில் இருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு வில்லையையும் ஓரம் விடாமல் தேடினேன். ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. கடைக்காரர் கைதேர்ந்தவர்.

வல்லத்துக் கல் எந்த ஆழத்திலிருந்து வந்தது, எந்த வெந்நீரில் விளைந்தது என்பதெல்லாம் அவர் அன்று ஒதுக்கித் தள்ளிய குவியலில் போயிருக்கும்.